டிசைனர் துணி கட்டுப்படியாகுற விலைல: வீட்டை அலங்கரிக்க புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

புதுசா வீட்டை அழகுபடுத்த ஆரம்பிக்கிறவங்க நிறைய பேருக்கு நடக்கிறது இதுதான், கடைக்குப் போவாங்க, ஒரு துணி கண்ணைப் பறிக்கும், கைல எடுத்துப் பார்ப்பாங்க, விலைச்சீட்டைப் பார்த்ததும் அப்படியே மடிச்சு வெச்சுட்டு வந்துடுவாங்க, அப்புறம் மனசே இல்லாம ஏதோ ஒரு ப்ளெயின் துணியை பதினைஞ்சு மீட்டர் வாங்கி ஜன்னல் பூரா தொங்க விட்டுட்டு வருஷக்கணக்கா அதைப் பார்த்து சலிச்சுக்குவாங்க. இது தேவையே இல்லைங்க. நல்ல டிசைனர் துணி சாதாரண பட்ஜெட்லயும் கிடைக்கும். நான் பல வருஷமா இப்படித்தான் வாங்கிட்டு இருக்கேன். வழி ரொம்ப எளிசு, தானோட, அதாவது கடைல சுத்தி வெச்சிருக்கிற துணி ரோலோட, ஆரம்பத்துல வாங்காம முடிவுல வாங்கணும், வாங்குறதையும் கொஞ்சமா வாங்கி கண்ணு படுற இடத்துல மட்டும் போடணும். இதை எப்படி செய்யறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஏன் அந்தத் துணி அவ்ளோ விலைன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா விலை ஏறுற காரணத்துலயேதான் இறங்குற வழியும் இருக்கு. டிசைனர் துணின்னா ஒரு டிசைனரோ ஒரு ஸ்டூடியோவோ வரைஞ்ச டிசைன், அதை நல்ல காட்டன்லயோ லினன்லயோ அடிக்கிறாங்க. ஸ்கிரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி ஸ்கிரீன் வேணும், பன்னெண்டு கலர்னா பன்னெண்டு ஸ்கிரீன். அடிக்கிற அளவும் கம்மி, லட்சக்கணக்கான மீட்டர் ஓடாது. அது போக கனமான சாம்பிள் புக் போட்டு ஷோரூம் ஷோரூமா அனுப்பற செலவு, நடுவுல இருக்கிறவங்க வெக்கிற லாபம், எல்லாம் மீட்டர் விலைல வந்து உக்காந்துடும். இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த கலெக்ஷனை நிறுத்திட்டாங்கன்னா மிச்சம் இருக்கிற தான்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? சாம்பிள் புக் பழசாயிடுச்சுன்னா? ஒரு தான்ல கடைசி ஒண்ணரை மீட்டர் மட்டும் நின்னா அது எந்த கர்ட்டனுக்கும் பத்தாது, யாரு வாங்குவா? அந்த மூணு இடத்துலதான் நாம போய் நிக்கணும்.

முதல்ல டேப்பை எடுங்க

துணி தேடப் போறதுக்கு முன்னாடி வீட்டை அளந்து ஒரு சின்ன நோட்ல எழுதிக்கங்க, ஃபோன்லயும் வெச்சுக்கலாம். ஜன்னல், கர்ட்டன் ராடு நீளம், ராடுல இருந்து கீழ வரைக்கும் உயரம், நாற்காலி சீட் நீள அகலம், குஷன் சைஸ், எல்லாம். கட் பீஸ் வாங்கறவங்களுக்கு இதுதான் பெரிய ஆயுதம், ஏன்னா அந்த மாதிரி துண்டுகள் காத்திருக்காது, யோசிச்சுட்டு நாளைக்கு வரேன்னு போனா நாளைக்கு இருக்காது. கைல அளவு இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணிடலாம்.

பன்னா, அதாவது துணியோட அகலம், எவ்ளோன்னு கேக்காம எந்தத் துணியும் வாங்காதீங்க. வீட்டு அலங்காரத்துக்குன்னு வர்ற துணி பெரும்பாலும் 137 செ.மீ. பன்னா, அதாவது 54 இன்ச், சிலது 140 இருக்கும். தையல் வேலை, குவில்ட் வேலைக்கு வர்ற காட்டன் பிரிண்ட் 110ல இருந்து 112 செ.மீ.தான். லேசா இருக்கிற ஷியர் துணி சிலது 280 - 300 செ.மீ. வரைக்கும் வரும், அதை பக்கவாட்டுல திருப்பிப் போட்டா ஜன்னலுக்கு ஜாயின்ட்டே இல்லாம கர்ட்டன் வரும். ஒரே மீட்டர் விலைன்னாலும் பன்னா கம்மியா இருந்தா நீங்க வாங்கற துணி கம்மிதான், இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

அடுத்தது ரிப்பீட். ஒரு பூ இருக்குன்னா அதே பூ திரும்ப எத்தனை செ.மீ. கழிச்சு வருதோ அதுதான் ரிப்பீட். டிசைனர் துணில இது பெருசா இருக்கும், 64 செ.மீ. எல்லாம் சாதாரணம். இது எப்படி செலவை ஏத்துதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

ராடு நீளம் 180 செ.மீ.ன்னு வெச்சுக்கங்க. கர்ட்டன் நல்லா மடிப்பு மடிப்பா விழணும்னா ராடு மாதிரி ரெண்டு மடங்கு துணி வேணும், அப்ப 360 செ.மீ. பன்னா 137ன்னா 2.6 பன்னா வருது, அரைகுறையா வாங்க முடியாது, மூணு பன்னா. உயரம் 220, மேல கீழ மடிச்சு அடிக்க ஒரு 25, ஆக ஒரு துண்டு 245 செ.மீ. ப்ளெயின் துணின்னா மூணு துண்டு 735 செ.மீ.யோட முடிஞ்சிடும். 64 செ.மீ. ரிப்பீட் இருக்கிற பிரிண்ட்னா ஒவ்வொரு துண்டும் அதே இடத்துல ஆரம்பிக்கணும், இல்லன்னா ஜாயின்ட்ல பாதி பூ ஒரு உயரத்துல பாதி பூ வேற உயரத்துல நிக்கும், அதனால 245ங்கறது நாலு ரிப்பீட்டுக்கு ஏறி 256 ஆயிடும், மொத்தம் 768. இது ஒரு ஜன்னலுக்கு. ஹால்ல ரெண்டு ஜன்னல் இருந்தா பதினைஞ்சு மீட்டர் தாண்டிடுச்சு. இந்த பதினைஞ்சு மீட்டரைத்தான் எல்லாரும் கடைல மனசுல கணக்கு போட்டுட்டு துணியை கீழ வெக்கிறாங்க.

இப்ப இதையே மாத்தி யோசிங்க. கர்ட்டன் முழுக்க நல்ல கனமான ப்ளெயின் துணி, ரெண்டு கர்ட்டனும் நடுவுல வந்து சேர்ற ஓரத்துல மட்டும் 20 செ.மீ. அகலத்துக்கு டிசைனர் துணி பார்டர். தையலுக்கு சேர்த்து 24 செ.மீ.ன்னு வெட்டினா 137 பன்னால நீளவாக்குல அஞ்சு பட்டை வரும். ரெண்டு ஜன்னல், நாலு கர்ட்டன், நாலு பட்டை போதும். ஆக வாங்க வேண்டியது ஒரே ஒரு துண்டு நீளம், இரண்டரை மீட்டர்! பதினைஞ்சு மீட்டர் எங்க, இரண்டரை மீட்டர் எங்க. அஞ்சாவது பட்டைல டைபேக், அதாவது கர்ட்டனை ஓரமா ஒதுக்கிக் கட்டற பட்டி, தைச்சுக்கலாம். இன்னொரு நல்ல விஷயம், எல்லா பட்டையும் ஒரே நீளத்துல இருந்து பக்கத்துல பக்கத்துல வெட்டறதால ரிப்பீட் தொந்தரவு பெரும்பாலும் தானாவே போயிடும், பறவையோ பூவோ எல்லா கர்ட்டன்லயும் ஒரே உயரத்துல வரும். ஹாஃப் டிராப்னு சொல்ற வகைல மட்டும் பூ பக்கத்துக்குப் பக்கம் பாதி ரிப்பீட் இறங்கி வரும், அதுக்கு வெட்டறதுக்கு முன்னாடி விரிச்சுப் போட்டுப் பார்த்துக்கங்க. என் வீட்ல முன் ஹால் கர்ட்டன் இப்படித்தான் இருக்கு, வர்றவங்க எல்லாரும் அந்த பட்டையைத்தான் தொட்டுப் பார்க்கறாங்க, மிச்சம் ப்ளெயின் துணிங்கறது அவங்க கண்ணுக்கே படறதில்ல.

இதே மாதிரி எந்த இடத்துல எவ்ளோ போதும்னு ஒரு பட்டியல் மனசுல வெச்சுக்கங்க. அரை மீட்டர் இருந்தா 40 செ.மீ. குஷன் மூணுக்கு முன்பக்கம் வந்துடும், பின்பக்கம் ப்ளெயின் போட்டுக்கலாம், சுவத்தைப் பார்த்துட்டு இருக்கிற பக்கத்துக்கு எதுக்கு விலை உசந்த துணி. ரெண்டு மீட்டர் இருந்தா சாப்பாட்டு மேஜை நாற்காலி ஆறுக்கு சீட் மாத்திடலாம், எப்படின்னு கீழ சொல்றேன். முக்கால் மீட்டர்ல ஒரு பெரிய லாம்ப் ஷேட். கை அகல துண்டு கூட வீண் இல்ல, நல்ல பிரிண்ட்டை ஃப்ரேம் போட்டு மாட்டினா அது ஒரு ஓவியம் மாதிரி.

சோஃபாவுக்கு மட்டும் கட் பீஸ் தேடாதீங்க. மூணு பேர் உக்கார்ற சோஃபா முழுக்க மாத்த பத்து மீட்டருக்கு மேல போயிடும், அவ்ளோ பெரிய துண்டு மிச்சமா கிடைக்கிறது அபூர்வம், கிடைச்சாலும் பாதில துணி தீர்ந்துட்டா அதே சாயத்துல திரும்பக் கிடைக்காது. சோஃபாவை உறுதியான ப்ளெயின்ல விட்டுட்டு மேல குஷனைப் போடுங்க.

எங்க தேடறது

துணிக்கடைகள்ல கட் பீஸ் மூலை ஒண்ணு கண்டிப்பா இருக்கும், ஆனா கண்ணுல படற மாதிரி வெச்சிருக்க மாட்டாங்க, கேக்கணும். "முடிஞ்சு போன டிசைன் ஏதாவது இருக்கா, தான் கடைசி இருக்கா"ன்னு கேட்டாலே எடுத்துப் போடுவாங்க. புது கலெக்ஷன் வர்ற சமயத்துல போனா நல்லது, அப்பதான் பழசை ஒழிச்சுக்கட்டணும்னு இருப்பாங்க. மில்லுங்க, பிரிண்ட் பண்ற இடங்கள் நேரடியா நடத்தற அவுட்லெட் இருந்தா அங்க செகண்ட்ஸ் கிடைக்கும். செகண்ட்ஸ்னதும் பயப்பட வேண்டாம், எங்கயோ ஒரு இடத்துல கலர் லேசா நகர்ந்திருக்கும், ஒரு நூல் முடிச்சு இருக்கும், அவ்ளோதான். குஷனுக்கு வெட்டும்போது அந்த இடத்தைத் தள்ளி வெட்டிடலாம். கர்ட்டனுக்குன்னா முழு நீளத்தையும் விரிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுக்கணும்.

கர்ட்டன் தைக்கிறவங்க, சோஃபா வேலை பண்றவங்க, இவங்ககிட்ட பேசி வெச்சுக்கங்க. இந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, யாரும் அதிகமா யோசிக்காத வழியும் கூட. ரிப்பீட் கணக்குக்காக வாடிக்கையாளர் கூடுதலா வாங்கின துணி ஒவ்வொரு வேலைலயும் மிஞ்சும், கொஞ்ச நாள்ல மூலைல மூட்டையா சேர்ந்துடும். அதுல அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டுங்க அருமையா இருக்கும். வாடிக்கையாளர் வேண்டாம்னு விட்டுட்டுப் போனதான்னு கேட்டுட்டு ஒரு நியாயமான தொகை குடுத்து வாங்குங்க, சும்மா கேக்காதீங்க, அடுத்த தடவை அவங்களே கூப்பிட்டு சொல்வாங்க.

இன்டீரியர் டிசைனர் ஆஃபீஸ், ஃபர்னிஷிங் ஷோரூம் இங்கல்லாம் சாம்பிள் புக் பழசாகிட்டா தூக்கிப் போடறாங்க. ஒரு புக்ல இருக்கிற துண்டுங்க எல்லாம் ஒரே கலெக்ஷன், கலர் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகணும்னே ஒரு டிசைனர் உக்காந்து சேர்த்தது. அதைப் பிரிச்சு ஒட்டுப் போட்டு குஷனோ, கட்டிலுக்கு கால்மாட்டுல போடற விரிப்போ தைச்சீங்கன்னா கலர் பொருத்தற கஷ்டமே உங்களுக்கு இல்ல. பின்னாடி காகிதம் ஒட்டியிருந்தா பசை இருக்கும், ஒரு ஓரத்துல நனைச்சு வருதான்னு பாருங்க, வரலன்னா அதை ஃப்ரேமுக்கு வெச்சுக்கங்க.

செகண்ட் ஹேண்ட் கர்ட்டனை மறந்துடாதீங்க. வீடு மாறுறவங்க, ஜன்னல் சைஸ் மாறினதும் நல்ல நல்ல கர்ட்டனை வித்துடறாங்க. ஒரு ஜோடி பெரிய கர்ட்டன்ல ஆறு ஏழு மீட்டர் துணி இருக்கும், கூடவே லைனிங்கும். வெயில் பட்ட மடிப்பு மட்டும் வெளுத்திருக்கும், கீழ மடிச்சு அடிச்ச பகுதியை லேசா பிரிச்சு உள்ளே இருக்கிற நிறத்தோட வெளிப் பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்க, எவ்ளோ வெளுத்திருக்குன்னு உடனே தெரிஞ்சிடும்.

ஆன்லைன்ல தேடும்போது மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, விலை மீட்டருக்கா, கஜத்துக்கா, இல்ல அரை மீட்டருக்கான்னு. கஜம் 91.44 செ.மீ.தான், பத்து கஜம் வாங்கினா பத்து மீட்டர்னு நினைச்சுட்டா கிட்டத்தட்ட முக்கால் மீட்டருக்கும் மேல குறையும். ரெண்டு, பிரிண்ட்டோட சைஸ், ஃபோட்டோல உள்ளங்கை அளவு தெரியற பூ கைக்கு வரும்போது தலையணை அளவு இருக்கும், அதனால ரிப்பீட் எத்தனை செ.மீ.ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, இல்லன்னா மேல ஒரு ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ கேளுங்க. மூணு, வெட்டின துணியை யாரும் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க, அதனால முதல்ல சாம்பிள் துண்டு வாங்கி வீட்ல ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க. டிஜிட்டல் பிரிண்ட் வந்த பிறகு தனித்தனி டிசைனர்கள் வரைஞ்சதை நாம கேக்கிற அளவுக்கு மட்டும் அடிச்சுக் குடுக்கற தளங்களும் இருக்கு, 2008ல ஆரம்பிச்ச ஸ்பூன்ஃப்ளவர் அந்த மாதிரிதான். மீட்டர் விலை கம்மின்னு சொல்ல மாட்டேன், ஆனா அரை மீட்டர் ஒரு மீட்டர்தான் வேணும்னா அது வசதி, பெரிய பேர் இல்லாத ஒரு டிசைனருக்கும் பங்கு போகும்.

பழைய டிசைனும் புது டிசைனும்

எந்த டிசைன் யார் வேணா அடிக்கலாம், எது அடிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. இங்கிலாந்துல வில்லியம் மாரிஸ்ங்கற டிசைனர் 1883ல போட்ட ஸ்ட்ராபெர்ரி தீஃப்னு ஒரு டிசைன் இருக்கு, அவர் தோட்டத்துல பறவைங்க ஸ்ட்ராபெர்ரியைக் கொத்திட்டுப் போறதைப் பார்த்து வரைஞ்சது. அவர் இறந்தது 1896ல, காப்புரிமை எப்பவோ முடிஞ்சு போச்சு, அதனால அவரோட இலை, பூ, பறவை டிசைன்களை பல கம்பெனி பல தரத்துல அடிக்கிறாங்க. விலை உசந்த லினன்லயும் கிடைக்கும், சாதாரண காட்டன்லயும் கிடைக்கும், ரெண்டுமே நேர்மையான துணிதான். அதே மாதிரி துவால் டி ஜூயி, வெள்ளைத் துணில ஒரே நிறத்துல மரம், மனுஷங்க, ஆடு மாடுன்னு கோட்டோவியமா இருக்கும், ஓபர்காம்ஃப்ங்கறவர் 1760ல பிரான்ஸ்ல ஜூயி அன் ஜோசாஸ்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச பட்டறையால அந்தப் பேர் வந்தது. ஒரே நிறம்ங்கறதால ஸ்கிரீனும் ஒண்ணு போதும், அதனால நல்ல துவால் துணி பல கலர் பிரிண்ட்டை விட பெரும்பாலும் விலை கம்மியா வரும். ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஒரே நிறம்னா அறைல இருக்கிற மத்த சாமானோட பொருத்தறதும் எளிசு.

ஆனா ஃபின்லாந்து கம்பெனி மரிமெக்கோவோட யுனிக்கோ மாதிரி டிசைன், மைஜா இசோலா 1964ல வரைஞ்ச அந்தப் பெரிய பாப்பிப் பூ, அது இன்னும் அந்தக் கம்பெனியோடது. அதே மாதிரி அச்சு அசலா சல்லிசா ஒண்ணு கிடைச்சா அது நகல். தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஒருத்தரோட உழைப்பு அது, அதுவும் போக நகல்ல சாயமும் துணியும் பெரும்பாலும் மோசமா இருக்கும். அசல்ல அரை மீட்டர் கட் பீஸ் கிடைச்சா அதுல ஒரு குஷன் தைச்சுப் போடுங்க, அவ்ளோ பெரிய பூவுக்கு ஒரு குஷனே போதும்.

கைல எடுத்ததும் என்ன பார்க்கணும்

முதல்ல கரையைப் பாருங்க, அதாவது துணியோட ரெண்டு பக்க ஓரம். நல்ல பிரிண்ட் துணில கரைலயே கம்பெனி பேர், டிசைன் பேர், சில சமயம் டிசைனர் பேரும் அடிச்சிருக்கும். பக்கத்துல வரிசையா கலர் கலரா சின்ன வட்டமோ கட்டமோ இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஸ்கிரீன், எண்ணிப் பார்த்தா எத்தனை கலர் அடிச்சிருக்காங்கன்னு தெரியும். அந்த வட்டங்கள்ல கலர் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாருங்க, அங்க நகர்ந்திருந்தா துணி முழுக்க நகர்ந்திருக்கும். சில துணில அம்புக்குறி இருக்கும், அது மேல் பக்கம் எதுன்னு காட்ட. கட் பீஸ்ல கரை வெட்டிப் போயிருந்தா அது நிஜமாவே அந்த டிசைனர் துணிதான்னு நம்ப உங்களுக்கு ஆதாரம் எதுவும் இல்ல, அப்ப பேருக்காக இல்லாம துணிக்காக மட்டும் விலை பேசுங்க.

அப்புறம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. நெசவு ஒரே சீரா இருக்கா, ஊசி ஓட்டை இருக்கா, மடிப்பு வரில வெளுத்திருக்கான்னு தெரியும். ஒரு மூலையை உள்ளங்கைல அஞ்சு விநாடி கசக்கிப் பிடிச்சு விடுங்க, கர்ட்டன் எப்படி விழும்னு புரியும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால பத்து தடவை தேய்ங்க, சாயம் ஏறுச்சுன்னா அது உக்கார்ற இடத்துக்கு ஆகாது. விக்கிறவங்க சம்மதிச்சா ஓரத்துல இருந்து ரெண்டு நூல் உருவி வெளில போய் ஜாக்கிரதையா நெருப்புல காட்டிப் பாருங்க, காட்டன், லினன் காகிதம் மாதிரி எரிஞ்சு மெல்லிசா சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி கெட்டி மணியா சுருண்டுடும், பட்டும் கம்பளியும் முடி கருகுற வாடை வரும். சுத்த லினன்னு சொல்லி விக்கிறது உருகினா விஷயம் புரிஞ்சிடும்.

உக்கார்ற இடத்துக்குன்னா மார்ட்டின்டேல் எண் கேளுங்க, துணியைத் தேய்ச்சுத் தேய்ச்சு எத்தனை தடவைல நைஞ்சு போகுதுன்னு பார்க்கற சோதனை அது. 15,000ல இருந்து 25,000 இருந்தா வீட்டு நாற்காலி, சோஃபா பொதுவான உபயோகத்துக்குப் போதும், 25,000க்கு மேலன்னா குழந்தைங்க ஏறிக் குதிக்கிற சோஃபாவுக்கும் தாங்கும். 10,000க்குக் கீழன்னா குஷன், கர்ட்டனோட நிறுத்திக்கங்க. அமெரிக்காவுல வர்ற துணில வைசன்பீக் டபுள் ரப்னு வேற கணக்கு இருக்கும், அது வேற சோதனை, ரெண்டு எண்ணையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. பட்டு பார்க்க அழகு, ஆனா வெயில்ல இத்துப் போகும், லைனிங் இல்லாம ஜன்னல்ல போடவே கூடாது. விஸ்கோஸ் கலந்தது நனைஞ்சா பலம் இழந்துடும், நல்லா சுருங்கும், அதனால துவைக்கிற இடத்துக்கு வேண்டாம்.

கலர் விஷயத்துல ஒரு அனுபவம் சொல்றேன். ஒரு கடைல சாம்பல் பச்சைல இலையும் பறவையும் போட்ட லினன் துண்டு, ஒண்ணே முக்கால் மீட்டர், கைல எடுத்ததும் கீழ வெக்க மனசு வரல, அங்கயே வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து ராத்திரி மஞ்சள் விளக்குல விரிச்சா பறவை எல்லாம் அழுக்குப் பழுப்பா நிக்குது, காலைல ஜன்னல் பக்கம் வெச்சா பழைய பச்சை திரும்ப வந்துடுச்சு. துணில தப்பு இல்ல, சாயம் அப்படித்தான், ஒரு வெளிச்சத்துல ஒத்துப் போற ரெண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சு நிக்கும். அதுல இருந்து எங்க போனாலும் வீட்டு சோஃபா துணி ஒரு சின்னத் துண்டு, சுவர் பெயின்ட் அடிச்ச ஒரு அட்டை ரெண்டையும் பைல வெச்சிருக்கேன், கடைக்கு வெளில பகல் வெளிச்சத்துலயும் உள்ளே மஞ்சள் விளக்குக்குக் கீழயும் சேர்த்து வெச்சுப் பார்த்துட்டுத்தான் காசு குடுக்கறது. அந்தப் பறவைத் துணியை பகல்ல மட்டும் உபயோகிக்கற படிக்கிற அறைல போட்டேன், அங்க ரொம்ப அழகா இருக்கு.

முதல் வேலையா நாற்காலி சீட் மாத்துங்க

தையலே தெரியாதவங்களும் பண்ணலாம், பலனும் அன்னைக்கே தெரியும். சீட் தனியா கழட்டற மாதிரி இருக்கிற நாற்காலியா இருக்கணும். கவுத்துப் போட்டு நாலு ஸ்க்ரூவை எடுத்தா சீட் பலகை கைல வந்துடும். ஒவ்வொரு சீட்டுக்கும் நாற்காலிக்கும் பின்னாடி ஒரே நம்பர் எழுதிக்கங்க, ஓட்டை ஒண்ணுக்கொண்ணு மாறும். பழைய ஸ்டேப்ளை எல்லாம் தட்டை ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுங்க, பழைய துணியைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்க மாதிரி அளவு. ஃபோம் தொட்டா பொடிப்பொடியா உதிர்ந்தா மாத்திடுங்க, இல்லன்னா மேல ஒரு அடுக்கு பாலியஸ்டர் பஞ்சு விரிச்சா போதும், மூலை எல்லாம் உருண்டையா அழகா வரும்.

அளவு எப்படின்னா, சீட் 45க்கு 42ன்னு வெச்சுக்கிட்டா சுத்தி நாலு பக்கமும் 10 செ.மீ. சேர்த்து 65க்கு 62. 137 பன்னால 65 ரெண்டு வரும். ஆறு நாற்காலிக்கு மூணு வரிசை, 62ஐ மூணால பெருக்கினா 186, அதான் ரெண்டு மீட்டர்னு சொன்னேன். ஆனா பெரிய பூ ஒண்ணு ஒவ்வொரு சீட்டுக்கும் சரியா நடுவுல வரணும்னா இன்னும் ஒரு மீட்டர் கூட ஆகலாம், அதனால சீட்டுக்கு சின்ன டிசைனா எடுங்க. 65க்கு 62 காகிதத்துல நடுவுல சீட் அளவுக்கு, 45க்கு 42, ஒரு ஓட்டை போட்டு ஜன்னல் மாதிரி வெட்டி துணி மேல நகர்த்திப் பாருங்க, எந்த இடம் சீட்ல வந்தா நல்லா இருக்கும்னு வெட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

வெட்டின துணியை கவுத்து விரிச்சு மேல பலகையை ஃபோம் கீழ இருக்கிற மாதிரி வைங்க. டிசைனோட தலை சீட்டோட பின்பக்கம் இருக்கணும். இப்ப முன்பக்கம் நடுவுல ஒரு ஸ்டேப்ள், துணியை இழுத்து பின்பக்கம் நடுவுல ஒண்ணு, அப்புறம் இடது நடு, வலது நடு. அவ்ளோதான், திருப்பிப் பாருங்க, கோடு நேரா இருக்கா? கோணலா இருந்தா நாலு ஸ்டேப்ளை எடுத்துட்டு திரும்ப பண்றது எளிசு, நாப்பது அடிச்ச பிறகு எடுக்கறது பெரிய வேலை. நேரா இருந்தா நடுவுல இருந்து மூலையைப் பார்த்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சுட்டே போங்க, மூலைக்கு ஒரு மூணு விரல் முன்னாடி நிறுத்திடுங்க. மூலைல துணியோட முனையை முதல்ல நேரா உள்ளே இழுத்து ஒண்ணு அடிங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மடிப்பா மடிச்சு அடிங்க, முன்னாடி இருந்து பார்த்தா மடிப்பு தெரியக் கூடாது. ஸ்க்ரூ ஓட்டை மேல துணி வந்தா அந்த இடத்தை வெட்டி விட்டுடுங்க. ரொம்ப இறுக்கி இழுக்காதீங்க, கோடு வளைஞ்சிடும், சுருக்கம் போற அளவுக்கு இழுத்தா போதும்.

குஷன், கர்ட்டன் மாதிரி துவைக்கப் போற சாமானுக்குன்னா வெட்டறதுக்கு முன்னாடி துணியை ஒரு தடவை அலசிக் காய வெச்சு இஸ்திரி போட்டுடுங்க, காட்டனும் லினனும் மீட்டருக்கு 3ல இருந்து 5 செ.மீ. வரைக்கும் சுருங்கலாம், அதையும் சேர்த்து வாங்கணும். தண்ணி ஆகாதுன்னு லேபிள்ல போட்டிருந்தா அலசாதீங்க, அதை டிரை க்ளீன்தான். குஷனுக்கு உள்ளே வெக்கிற பஞ்சுத் தலையணை உறையை விட 5 செ.மீ. பெருசா இருக்கணும், 40 உறைக்கு 45 தலையணை, அப்பதான் மூலை தொங்காம நிக்கும். மிச்சம் பிடிச்ச காசை இங்கயும் லைனிங்லயும் போடுங்க, சாதாரண துணிக்கு நல்ல லைனிங் குடுத்தா கர்ட்டன் கனமா பெருமையா விழும், விலை உசந்த துணியை லைனிங் இல்லாம தொங்க விட்டா சீக்கிரம் வெளுத்து சோர்ந்து போயிடும்.

ரெண்டு துண்டு வாங்கி சேர்த்துத் தைக்கப் போறீங்கன்னா ரெண்டும் ஒரே டை லாட்டான்னு கேளுங்க, ஒரே டிசைன் ஒரே நம்பரா இருந்தாலும் வேற வேற நாள் சாயம் போட்டது பக்கத்துல பக்கத்துல வந்தா வித்தியாசம் தெரியும். வேலை முடிஞ்சதும் பேர் அடிச்சிருக்கிற அந்தக் கரையை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி அளவு நோட்ல ஒட்டி, எத்தனை மீட்டர், எங்க வாங்கினது, எங்க போட்டதுன்னு பக்கத்துல எழுதி வைங்க. ஒரு சீட்ல எதாவது கொட்டிக் கறை ஆயிடுச்சுன்னா, அந்தப் பேரை வெச்சுத்தான் அதே துணில இன்னொரு அரை மீட்டர் தேட முடியும்.